சுருளியம்மாள் ஜீப்பை நிறுத்திய வளைவு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற ஜீப்புகள் நிறைய உண்டு. அதில் விஜயபாண்டி ஓட்டுகிற ஜீப்பில் சுருளியம்மாளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. கல்லுவயிறு. விடியுமுன் ஏறினால், சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு தெருமுனையில் இறங்கும் வரைக்கும் அவள் ஒருமுறைகூட ஒதுங்கப் போனதில்லை. கல்யாணமான மறுவருசம் ஜீப்பில் ஏறியவள், பேரன் பள்ளிக்கூடம் போகிற காலம் வரை இப்படித்தான். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நெளிந்தால், மற்றவர்கள் அவளைத்தான் கைகாட்டுவார்கள்.

"சுருளி அக்காவப் பாரு. என்னைக்காவது வண்டிய நிப்பாட்டச் சொல்லிருக்காகளா?"

சுருளியம்மாளுக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை.

ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒரு கணக்குச் சொல்லும், பிழைப்பு ஒரு கணக்குச் சொல்லும். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை. அதில் முழங்காலோடு முழங்கால் கோத்து உட்கார வேண்டும். வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கடைசி இடம், கையில் ஒரு எலுமிச்சை இலை. சதைப்பற்றான பெண்கள் நடுவில். அவர்கள்தான் இரண்டு பக்கமும் மெத்தை. ஒல்லியானவர்கள் பழைய சைக்கிள் டியூபைச் சுருட்டித் துணியில் தைத்து அடியில் போட்டுக்கொள்வார்கள். குளிருக்கு ரவிக்கைக்கும் ஆண்சட்டைக்கும் நடுவில் செய்தித்தாளை மடித்து வைப்பார்கள். காதை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டால் வாடைக்காற்று தலைவலியாக மாறாது. வளைவு வந்தால் தூக்கத்திலேயே அத்தனை பேரும் ஒருபக்கமாகச் சாய்வார்கள், அடுத்த வளைவில் மறுபக்கம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. புதியவள் மட்டும் ஒரு வாரம் கம்பியில் மண்டையை இடித்துக்கொள்வாள். பிறகு அவளும் அந்த ஒரே உடம்பில் சேர்ந்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

இத்தனை சௌகரியத்தை யோசித்துக் கண்டுபிடித்தவர்கள், தண்ணீர் விசயத்தில் மட்டும் தப்புக் கணக்குப் போட்டார்கள். வந்தால் போக இடமில்லை. அதனால் வராமல் பார்த்துக்கொள்வது. மலைப்பாதையில் வண்டி நிற்காது. மேலே செக்போஸ்ட்டில் ஆண்கள் கூட்டம். தோட்டத்துக்குள் ஒதுங்கினால் அட்டை, பாம்பு, போதாததற்கு சூப்பர்வைசர். ஆகவே முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டோடு குடிக்கிற தண்ணீர்தான் தண்ணீர். பகலில் தொண்டை வறண்டால் பச்சை ஏலக்காய் ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். அது காரமும் குளிர்ச்சியுமாக எச்சிலை ஊறவைக்கும். தாகம் தெரியாது. தாகம் தெரியவில்லை என்பதாலேயே உடம்புக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. மூத்திரத்தை அடக்குவதில் வீரம் காட்டலாம். சிறுநீரகத்துக்கு வீரம் தெரியாது.

போன ஐப்பசியில் ஒருநாள் சுருளியம்மாள் ஏலச்செடித் தூர்களுக்கு நடுவே காய் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பல் தந்தியடித்தது. விலாவுக்குக் கீழே முதுகில் யாரோ கடப்பாரையால் நெம்புகிற மாதிரி வலி. மழைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் தாளுக்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்து, தோட்டத்துக்குப் பக்கத்திலிருந்த சின்ன டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நர்ஸ் ஜாய்ஸ் இருந்தாள். மலையாளத்துக்காரி, தமிழ்ப் பெண்களுக்கு மருந்து கொடுத்துக் கொடுத்தே தமிழ் கற்றுக்கொண்டவள்.

"சேச்சி, இன்னைக்கு எத்தனை வட்டம் மூத்திரம் போச்சு?"

"போகல."

"நேத்து?"

"ராத்திரி வீட்டுல போனேன்."

ஜாய்ஸ் கையிலிருந்த தெர்மாமீட்டரை மேசையில் வைத்தாள். "வெள்ளம்? குடிக்கிற வெள்ளம் கொஞ்சமாவது உள்ள போச்சா?"

சுருளியம்மாள் கடைவாயிலிருந்த ஏலக்காயை மறுபக்கம் ஒதுக்கினாள். கூட வந்த சுப்புத்தாய்தான் பெருமையாகச் சொன்னாள்: "அவளுக்குத் தண்ணியே வேணாம் சிஸ்டர். எங்க வண்டிலயே அவதான் கெட்டி."

"கெட்டியாணோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஜாய்ஸ். அன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள்.

கம்பம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டில் ஏறிக்கொண்டிருக்க, டாக்டரம்மா வந்து நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். கிருமி மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. இந்தத் தடவை மருந்துக்கு அடங்கிவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வந்தால் உடனே போய்விட வேண்டும், அடக்கக்கூடாது. வைத்தியம் அவ்வளவுதான். அதைச் செய்வதற்குத்தான் ஜீப்பில் இடமில்லை.

வீட்டில் புருசன் பேச்சிமுத்து கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "பேசாம இங்கனயே திராட்சைத் தோட்டத்துக்குப் போ. நினைச்ச நேரம் வீட்டுக்கு ஓடியாந்துக்கலாம்."

"திராட்சை வேல வருசம் முச்சூடும் இருக்குமா?"

"இருக்காது."

"அப்பறம்?"

"அப்பறம் என்னத்த... நீ சொன்னாக் கேக்குற ஆளா?" என்று கஞ்சியை நீட்டினான்.

திராட்சைப் பந்தலுக்கடியில் நாளெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. ஏலக்காய் அப்படியில்லை. தூரில் கையை விட்டால் எந்தக் காய் பருவம், எது பிஞ்சு என்று விரலே சொல்லும். அந்த வேலையை விட அவளுக்கு மனசில்லை. ஜீப்பில் இடம் ஒருமுறை போனால் போனதுதான். அவள் படுத்திருந்த நாட்களிலேயே அவள் இடத்துக்கு இரண்டு பேர் கேட்டுவிட்டதாகத் தகவல் வந்துவிட்டது. மலைக்குப் போக வேண்டும், சிறுநீரகமும் இருக்க வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் வண்டி நிற்க வேண்டும். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

உடம்பு தேறி முதல்நாள் போனபோது, இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஜீப்பே விழித்துக்கொண்டது.

"என்னடி இடுப்புல பாட்டிலு? பேச்சிமுத்து அண்ணனுக்கு வாங்குன சரக்க மறந்து தூக்கிட்டு வந்துட்டியா?" என்றாள் சுப்புத்தாய். சுருளியம்மாளைவிட மூத்தவள், நாக்கு இரண்டு முழம் கூடுதல். அந்த ஜீப்பில் யார் எங்கே உட்கார்வது என்று தீர்மானிப்பதே அவள்தான்.

"தண்ணி, மதினி."

"தண்ணியா! ஏத்தா, கல்லுவயிறு கரைஞ்சு போச்சாம்த்தா!"

சிரிப்பு அடங்குவதற்குள் வண்டி அடிவாரம் தாண்டிவிட்டது. சுருளியம்மாள் மடமடவென்று பாதிப் பாட்டிலைக் குடித்தாள். ஏதோ மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டுதான் குடித்தாள். மலையில் பாதி ஏறுவதற்குள் அது வேலையைக் காட்டியது.

"ஏலே பாண்டி, செத்த நிறுத்துப்பா."

"எதுக்கு சித்தி?"

"எதுக்குன்னா என்னத்தச் சொல்ல?"

விஜயபாண்டிக்குப் புரிந்துவிட்டது. கெட்டவன் இல்லை, ஆனால் அவசரக்காரன். "சித்தி, மேல செக்போஸ்ட்ல வரிசை கட்டி நிக்கிறாக. பிந்துனா தோட்டத்துக் கேட்டைச் சாத்திருவாக. அடக்கிக்கங்க. உங்களுக்கென்ன, நீங்க கல்லுவயிறுல்ல?"

அன்றைக்கு மீதி வளைவுகளை அவள் எப்படிக் கடந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அத்தனை காலம் அடக்கியபோது உடம்பு காய்ந்து கிடந்தது. அடக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒவ்வொரு குலுக்கலும் ஊசியாக இறங்கியது. தோட்டத்தில் இறங்கியதும் யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் செடிக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கெண்டைக்காலில் அட்டைகள் தொங்கின. பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை அன்று அவள் தொடவில்லை.

மறுநாள் பாட்டிலைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு போய், குடிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் காலையில் வீட்டில் ஒதுங்கியபோது பழைய எரிச்சல் எட்டிப்பார்த்தது. லேசாகத்தான். ஆனால் அவளுக்கு அந்த எரிச்சலைத் தெரியும். அதற்கு அடுத்தது முதுகுவலி, அதற்கு அடுத்தது குளிர்காய்ச்சல். அடுப்படியில் நின்றபடியே இரண்டு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். பேச்சிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இன்னைக்கு என்ன செய்யப் போற?"

"எறங்கப் போறேன்."

வண்டி மலையேறியது. பாதி மலையில் ஒரு வளைவு உண்டு. அங்கே மட்டும் சாலை கொஞ்சம் அகலம். ஓரத்தில் ஒரு பெரிய பாறை, அதன் பக்கத்தில் பாறை இடுக்கிலிருந்து கசிகிற தண்ணீரைப் பிடிக்க யாரோ செருகிவைத்த ஒரு குழாய்த் துண்டு. ஏற்றத்தில் வண்டி சூடேறிப்போனால் டிரைவர்கள் அங்கேதான் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த வளைவு வந்ததும் சுருளியம்மாள் தூக்குவாளியால் ஜீப்பின் தகரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பயந்து விஜயபாண்டி பிரேக் போட்டான்.

"என்ன சித்தி? யாரு விழுந்தா?"

"யாரும் விழுகல. நான் எறங்கணும்."

"சித்தி, சொல்லியிருக்கேன்ல..."

"ஏலே, உன் ரேடியேட்டரு கொதிச்சா இங்கன நிறுத்துறியா இல்லையா?"

"அது நிறுத்தலேன்னா இன்ஜின் சீஸ் ஆயிரும்."

"எனக்கும் சீஸ் ஆயிரும்னு டாக்டரம்மா சொல்லிருக்காக. உன் இன்ஜின் போனா ஒர்க்சாப்ல வேற போடுவ. எனக்கு வேற எவன்டா போடுவான்?"

ஜீப்புக்குள் ஒருத்தி குபீரென்று சிரித்தாள். விஜயபாண்டி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தான். "சீக்கிரமா வாங்க. ஆரன் அடிச்சா வந்துரணும்."

உள்ளே இருந்தவர்களின் முழங்கால்களை விலக்கி, படுதாவின் முடிச்சை அவிழ்த்து, அவள் இறங்கினாள். பாறைக்குப் பின்னால் போனாள். காரியம் முடிந்தது. குழாயில் கை கழுவினாள். சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

கீழே பள்ளத்தாக்கு கிடந்தது.

முப்பது வருசமாக அந்த வழியாகத்தான் போய்வருகிறாள். ஆனால் விடியலில் படுதாவுக்குள் தூக்கம், சாயங்காலம் இருட்டும் அசதியும். படுதாக் கிழிசலில், பக்கத்துக்காரியின் தோளுக்கு மேல், ஒரு கைப்பிடி வானம், ஒரு துண்டு மரம் என்று பார்த்ததுதான். நின்று பார்த்ததில்லை. எதிரே மேகமலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் மேலே வந்துகொண்டிருந்தது. சூரியன் இன்னும் தெரியவில்லை. மலையின் விளிம்பு மட்டும் அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லின் ஓரம் மாதிரி சிவந்திருந்தது. பள்ளத்தாக்கு நெடுகப் பனி; அதற்குள்ளிருந்து தென்னந்தோப்புகளின் தலை மட்டும் கறுப்பாக எட்டிப்பார்த்தது. பனி விலகிய இடங்களில் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயல்கள் ஒவ்வொன்றாகப் பளீர் பளீரென்று விழித்தன. நடுவில் ஆறு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எங்கேயும் அறுபடாமல், யாரோ நிதானமாக இழுத்துவிட்ட மாதிரி. திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் இருந்தன. கம்பத்தின் தெருவிளக்குகள் அவள் பார்க்கப் பார்க்க மொத்தமாக அணைந்தன. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஊர், அவ்வளவு சண்டை, அவ்வளவு பஸ். இங்கே ஒரு சத்தமும் வரவில்லை.

தான் பிறந்த சுருளிப்பட்டியைத் தேடினாள். தெற்கே எங்கோ ஒரு புகைக்குக் கீழே இருக்க வேண்டும். வாக்கப்பட்ட தெருவைத் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ அகலமாகத் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. கை தானாகக் கும்பிட்டது. எந்தச் சாமி என்று அவள் யோசிக்கவில்லை.

ஆரன் அடித்தது. அவள் காதில் விழவில்லை. மறுபடி அடித்தது.

"அடியே சுருளி! அங்கன என்ன ஆத்துல குளிக்கிறியா?" என்று கத்திக்கொண்டே சுப்புத்தாய் இறங்கி வந்தாள். "உன்னால எங்க அத்தன பேருக்கும்..."

பாறையைத் தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. வாயைத் திறந்தபடியே நின்றாள். அந்த வாய் திறந்திருந்தும் சத்தம் வராததை ஜீப்பிலிருந்தவர்கள் அதற்கு முன் கண்டதில்லை.

"யாத்தே," என்றாள். "இதுக்குள்ளயாடி கெடந்தோம்?"

"ஆமா மதினி."

"இம்புட்டு அழகாவா இருக்கு?"

அப்போது சூரியன் மேகமலைக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் விழுந்தது. சுப்புத்தாய் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். ஜாடையாக ஜீப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"சுருளி, யார்ட்டயும் சொல்லிராத. எனக்கும் ஒரு வருசமா எரிச்சல்தான். உன்னைய மாதிரி இருக்கணும்னுதான் வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

"பாறைக்குப் பின்னால போயிட்டு வாங்க மதினி. நான் நிக்கிறேன்."

சுப்புத்தாய் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் ஜீப்பிலிருந்து இன்னொருத்தி இறங்கினாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் வண்டியே காலியாகிவிட்டது. தலைத்துண்டும் ஆண்சட்டையுமாக அத்தனை பெண்களும் பாறைக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். முறை முடிந்தவர்கள் சாலையோரத்தில் நின்று கீழே பார்த்தார்கள். விஜயபாண்டி இரண்டு கையையும் ஆரன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடிக்கவில்லை.

அன்று கேட் சாத்தித்தான் இருந்தது. சூப்பர்வைசர் அதட்டி, கடைசிச் சரிவுக்கு அனுப்பினார். அட்டைகளின் தாய்வீடு அது. பொழுதுக்கும் சுப்புத்தாய் கறுவிக்கொண்டே இருந்தாள்: "உன்னால இன்னைக்கு நான் ரத்ததானம் பண்றேன்." ஆனால் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும் சுருளியம்மாளின் பாட்டிலைக் கேட்காமலே எடுத்துக் குடித்தாள். சாயங்காலம் இறக்கத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்குத் தன்னை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று சுருளியம்மாள் முடிவுகட்டிக்கொண்டாள்.

அதனால் மறுநாள் வழக்கத்தைவிட வெள்ளெனவே தெருமுனைக்குப் போனாள். விஜயபாண்டியிடம் தனியாகப் பேச வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் ஒரு நிறுத்தத்துக்கு நேரம் கிடைக்கும் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். மாட்டேன் என்றால் திராட்சைத் தோட்டம்தான். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனவள், தெருவிளக்கடியில் ஆளரவம் கேட்டு நின்றாள்.

அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஆளுக்கொரு பாட்டில். எண்ணெய் பாட்டில், சோடா பாட்டில், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பாட்டில். சுப்புத்தாய் ஒரு பெரிய கலர் பாட்டிலைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்திருந்தாள். யாரும் யாரிடமும் சொல்லிவைத்ததாகத் தெரியவில்லை.

விஜயபாண்டி வழக்கமான நேரத்துக்கு வந்து சேர்ந்தான். சுப்புத்தாய் பாய்ந்தாள்.

"ஏலே, எம்புட்டு நேரம்டா பொம்பளைக நிக்கிறது? நாளையிலருந்து வெள்ளென வர்றதுன்னா வா. இல்ல, வேற வண்டி பாத்துக்கிறோம்."

"நான் என்னத்த பெரியாத்தா... டயத்துக்குத்தான வந்திருக்கேன்..."

"எந்த டயமு? அது பழைய டயமு. ஏறுங்கடி."

அன்று தகரத்தில் யாரும் அடிக்கவில்லை. வளைவு வந்ததும் ஜீப் தானாக நின்றது. விஜயபாண்டி இறங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, கொதிக்காத ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான்.

கார்த்திகை பிறந்ததும் சுருளியம்மாள் டிஸ்பென்சரிக்குப் போனாள். ஜாய்ஸ் பரிசோதித்துவிட்டு, "இப்பதான் சேச்சி கெட்டி," என்றாள். அதற்குள் மற்ற ஜீப்புகளும் அந்த வளைவில் நிற்க ஆரம்பித்திருந்தன. பாறைக்குப் பின்னால் யாரோ நான்கு குச்சி நட்டுப் பழைய படுதாவைக் கட்டி மறைப்புப் போட்டார்கள். தோட்டத்திலும் பெண்கள் இரண்டிரண்டு பேராக ஒதுங்கப் போகத் தொடங்கினார்கள். ஒருத்தி காவல், கையில் உப்புப் பொட்டலம், அட்டைக்கு. புதிதாக வருகிறவர்களிடம் இப்போது கேட்கிற முதல் கேள்வி, பாட்டில் கொண்டுவந்தாயா என்பது. கல்லுவயிறு என்று யாரும் யாரையும் சொல்வதில்லை.

சுருளியம்மாள் இத்தனை வருசம் உட்கார்ந்துவந்த நடு இடத்தை விட்டுவிட்டாள். கடைசியில், படுதா ஓரத்தில், வாந்தி எடுக்கிறவர்களோடு உட்கார்கிறாள். படுதாவை இறக்க விடுவதில்லை. குளிருகிறது என்று யாராவது முனகினால், இன்னொரு செய்தித்தாளை மடித்து உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்.

வளைவில் அவள்தான் முதலில் இறங்குகிறாள், கடைசியில் ஏறுகிறாள். ஒவ்வொரு நாளும் கீழே வேறு மாதிரி இருக்கிறது. ஒருநாள் பனியே இல்லை, ஒருநாள் பனியைத் தவிர ஒன்றுமே இல்லை. சுப்புத்தாய் தன் வீட்டைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சாதிக்கிறாள். அது பள்ளிவாசல் என்று மற்றவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்வதில்லை.

விஜயபாண்டி ஆரனைத் தொடுகிறான். லேசாகத்தான்.

"இருடா, இன்னும் முடியல," என்கிறாள் சுருளியம்மாள், திரும்பிப் பார்க்காமல்.

என்ன முடியவில்லை என்று அவன் கேட்பதில்லை. அவனும் இறங்கிவந்து, கொஞ்சம் தள்ளி நின்று, கீழே பார்க்கிறான்.